எந்தப் பக்கம் இழுக்கிறது?

வியாழன், காலை 6.40. அதியமான்கோட்டை பேருந்து நிறுத்தத்தில் நானும் என் மகன் அமலனும் நின்றோம். எங்களிடம் இருந்தவை: குடை இரண்டு, தண்ணீர் பாட்டில் ஒன்று, என் மாத்திரை டப்பா, அவன் மாத்திரை டப்பா, நீல அட்டை போட்ட என் குறிப்பேடு. போகிற ஊர் பாலக்கோடு. தருமபுரி வரை ஏழு கிலோமீட்டர், அங்கிருந்து இன்னொரு பேருந்தில் இருபத்து நான்கு. இதை ஒரு பயணம் என்று எழுத எனக்கே கூச்சமாக இருக்கிறது. ஆனால் எழுபத்து மூன்று வயதில் நான் போன தூரங்களிலேயே நீளமாகத் தோன்றியது இந்த முப்பத்தொன்றுதான்.

போன காரியம், ஒரு கார் பார்ப்பது. இரண்டு கார்களில் எது என்று முடிவு செய்வது என்று சொன்னால் இன்னும் சரி. இரண்டும் ஹாட் ஹேட்ச்பேக் என்ற வகை. டிக்கி தனியாகத் துருத்தாமல் பின்பக்கம் வெட்டினாற்போல் முடிகிற சின்னக் காரில், அதன் உடம்புக்கு மிஞ்சிய எஞ்சினை வைத்திருப்பார்கள். பார்வைக்கு மளிகை வாங்கப் போகிற வண்டி. ஓட்டத்தில் பந்தய வண்டி. அமலன் பதினான்கு வயதிலிருந்து இவற்றின் படங்களைச் சேர்க்கிறான். இப்போது முப்பத்தேழு. ஓசூரில் ஒரு தொழிற்சாலையில் எந்திரங்களுக்கு நிரல் எழுதுகிற வேலை.

பாலக்கோட்டில் இருந்த கார் முன் சக்கரங்கள் மட்டும் இழுக்கிற வகை. இடது காலால் மிதிக்கிற கிளட்ச் உண்டு, கியரைக் கையால் போட வேண்டும். தருமபுரியில் இருந்த கார் நான்கு சக்கரங்களுக்கும் சக்தி போகிற வகை. கிளட்ச் கிடையாது, கியரை அதுவே மாற்றிக்கொள்ளும். இரண்டும் ஏற்கெனவே ஓடியவை. விலையில் வித்தியாசம் உண்டு. அதைப் பற்றிப் பேச அமலன் இடம் கொடுக்கவில்லை.

நான் நெடுஞ்சாலைத் துறையில் முப்பத்தாறு வருடம் வேலை பார்த்தவன். அதில் பாதி நாள் சாலையோரம் நாற்காலி போட்டு வாகனக் கணக்கெடுத்த நாள். ஒரு வண்டி போனால் ஒரு கோடு. நான்கு நேர்க்கோடு, ஐந்தாவதைக் குறுக்கே போட்டால் ஒரு கட்டு. லாரிக்கு ஒரு பத்தி, பேருந்துக்கு ஒரு பத்தி, மாட்டு வண்டிக்குக்கூட ஒரு பத்தி இருந்தது. கார், ஜீப், வேன் எல்லாம் ஒரே பத்தி. எந்தச் சக்கரம் இழுக்கிறது என்று அந்தப் படிவம் என்னைக் கேட்டதே இல்லை. நாலு சக்கர வண்டி என்றால் நாலும்தானே உருளும் என்றுதான் போன மாதம் வரை நினைத்திருந்தேன்.

கிளம்பும்போது மருமகள் ஸ்டெல்லா வாசல் வரை வந்தாள். அமலன் முன்னால் நடந்த பிறகு என்னிடம் குரலைத் தாழ்த்தி, "மாமா, அவரு எதைச் சொன்னாலும் சரின்னுடாதீங்க. கிளட்ச் இல்லாததையே எடுக்கச் சொல்லுங்க" என்றாள். நான் தலையாட்டினேன். என் எண்ணமும் அதுதான்.

காரணத்தை இப்போதே சொல்லிவிடுகிறேன். ஆறு மாதங்களுக்கு முன்பு மாடிப்படி ஏறும்போது அவன் இடது செருப்பு படியில் தட்டியது. அடுத்த வாரம் இன்னொரு முறை. பெங்களூரில் ஒரு பெரிய மருத்துவமனையில் நான்கு நாள் சோதித்து, நரம்பு நோய் என்றார்கள். பெயர் மூன்று சொற்கள். முதலில் இடது கால், பிறகு வலது, பிறகு கைகள் என்று மருத்துவர் ஒரு வரிசை சொன்னார். எத்தனை மாதம் என்று கேட்டேன். "கணக்கா சொல்ல முடியாதுங்க ஐயா" என்றார். ஒரு மருத்துவர் கணக்குச் சொல்ல மறுத்ததற்காக நான் அவர்மேல் கோபப்பட்டது தவறுதான். இப்போதைக்கு வண்டி ஓட்டலாம், மூன்று மாதத்துக்கு ஒருமுறை காட்ட வேண்டும் என்று எழுதிக் கொடுத்திருக்கிறார். அந்தத் தாளை மூன்று பிரதி எடுத்து வைத்திருக்கிறேன்.

விஷயம் தெரிந்தவர்கள் நாங்கள் மூவர் மட்டும். அமலன் என்னிடம் ஒரே வாக்குதான் கேட்டிருந்தான். "யாருகிட்டயும் சொல்லாதீங்கப்பா. எல்லாரும் முதல்ல காலைப் பாப்பாங்க, அப்புறம்தான் மூஞ்சியைப் பாப்பாங்க."

6.55. பேருந்து பதினைந்து நிமிடத் தாமதம். படிகள் மூன்று. அவன் வலது காலை வைத்து, கம்பியைப் பிடித்து, இடது காலைப் பின்னால் சேர்த்துக்கொண்டான். ஒவ்வொரு படிக்கும் அப்படியே. நடத்துநர் விசில் ஊத வாயில் வைத்தார். நான் அவரைப் பார்த்த பார்வையில் எடுத்துவிட்டார்.

7.30. தருமபுரி பேருந்து நிலையத்திலிருந்து பாலக்கோடு வண்டி. ஜன்னலோரம் அவன், பக்கத்தில் நான். வானம் மூடிக் கிடந்தது. புலிக்கரை தாண்டும் வரை அவனிடம் பாடம் கேட்டேன். முன் சக்கரம் மட்டும் இழுத்தால் என்ன கெட்டுவிடும் என்றேன்.

அவன் என் குறிப்பேட்டைக் காட்டினான். எழுதுகிற கையாலேயே மேசையையும் தள்ளச் சொன்னால் எழுத்து எப்படி வரும் என்று கேட்டான். முன் சக்கரத்துக்கு இரண்டு வேலை. திரும்பவும் வேண்டும், இழுக்கவும் வேண்டும். எஞ்சின் பெரிதாக இருந்தால் அவசரமாக மிதிக்கும்போது ஸ்டியரிங் கையில் துள்ளும், வண்டி ஒரு பக்கமாகப் போகப் பார்க்கும். நாலு சக்கர இழுவையில் அந்தப் பாரம் பங்காகிவிடும், ஈரத்திலும் பிடி விடாது. ஆனால் வண்டி கனம், பெட்ரோல் அதிகம், உள்ளே இருக்கிற சாமானும் அதிகம்.

"நாலுக்கு மதிப்பெண் அதிகம்" என்று நான் சொன்னேன். குறிப்பேட்டில் எழுதியும் வைத்தேன்.

"எழுதுங்க எழுதுங்க. ஓட்டறவனுக்குப் பிடிக்குதான்னு ஒரு பத்தி போடுங்க" என்றான் அவன்.

அந்தப் பத்தியைப் போட்டேன். காலியாக விட்டேன்.

8.25. பாலக்கோடு தக்காளி மண்டி. கிரேட்டுகள் ஆள் உயரத்துக்கு அடுக்கியிருந்தன. ஒரு வரிசையில் பதினொன்று. ஏலம் பாதி முடிந்து லாரிகள் ஏற்றிக்கொண்டிருந்தன. தரையெல்லாம் நசுங்கிய தக்காளி. வழுக்குமோ என்று நான் அமலனின் முழங்கையைப் பிடித்தேன். அவன் மெதுவாக என் விரல்களை எடுத்துவிட்டான்.

கார்க்காரர் நாகராஜ் மண்டியில் கமிஷன் கடை வைத்திருப்பவர். முப்பது வயதுக்கு மேல் இருக்காது. குழந்தை பிறந்த பிறகு பெரிய வண்டி வேண்டும் என்று வீட்டில் சொல்லிவிட்டார்களாம். ஒருவரிடம் தமிழ், ஒருவரிடம் தெலுங்கு, தொலைபேசியில் கன்னடம் என்று பேசிக்கொண்டே எங்களுக்கு டீ சொன்னார். டீ பன்னிரண்டு ரூபாய். சிவப்புக் கார் கடைக்குப் பின்னால் நின்றது. வண்டியின் நிலைக்கு ஜவாப்தாரியாகப் பாஷா என்ற மெக்கானிக்கையும் வரவழைத்திருந்தார்.

அமலன் ஓட்ட உட்கார்ந்தான். நான் பக்கத்தில், நாகராஜ் பின்னால். முதல் முறை கிளட்சை விடும்போது பாதம் நழுவி எஞ்சின் அணைந்தது. இரண்டாவது முறையும் அணைந்தது. "கைக்குப் புது வண்டின்னா அப்பிடித்தாங்கண்ணா" என்றார் நாகராஜ். மூன்றாவது முறை கிளம்பியது. ஆனால் வாசலில் தக்காளிச் சேற்றில் முன் சக்கரங்கள் இரண்டும் நின்ற இடத்திலேயே சுழன்றன. சிவப்புக் கூழ் தெறித்து ஒரு மூட்டைக்காரர் வேட்டியில் விழுந்தது. அவர் திட்டிய சொற்களை எழுதுவதற்கில்லை. அமலன் பாதத்தைத் தளர்த்தி, மெல்ல மெல்லக் கொடுத்து வண்டியை வெளியே எடுத்தான். நாலு சக்கரமும் இழுத்திருந்தால் இந்த வேட்டி பிழைத்திருக்கும் என்று நினைத்துக்கொண்டேன்.

சர்க்கரை ஆலை இருக்கிற பக்கம் சாலை காலியாக இருந்தது. போக நான்கு கிலோமீட்டர், வர நான்கு. அந்த எட்டு கிலோமீட்டரை நான் வேறு யாருக்கும் விளக்க முடியாது. இரண்டாவது கியரில் அவன் மிதித்தபோது என் முதுகு இருக்கையில் ஒட்டியது. ஸ்டியரிங் அவன் கைக்குள் உயிருள்ளது போல் இழுத்தது. அவன் அதைத் திருப்பிப் பிடித்தான், அது மறுபடி இழுத்தது. அவன் சிரித்தான். ஆறு மாதத்தில் அந்தச் சிரிப்பை நான் பார்க்கவில்லை. வேகத்தைப் பார்த்து நான் மூன்று முறை "மெதுவா" என்றேன். நான்காவது முறை சொல்ல வாயெடுத்து, விட்டுவிட்டேன்.

9.20. மண்டிக்குத் திரும்பி வந்து நிறுத்தினான். நாகராஜும் நானும் இறங்கினோம். அமலன் உட்கார்ந்தபடியே இடது தொடையைக் கையால் தூக்கி வெளியே வைக்க நேரம் எடுத்துக்கொண்டிருந்தான். நான் அதையே பார்த்துக்கொண்டு நின்றேன். பாஷா கையைத் துணியில் துடைத்தபடி என்னிடம் வந்தார்.

"இழுக்குதுங்களா?" என்று கேட்டார்.

"இழுக்குதுதாங்க" என்றேன்.

"எந்தப் பக்கம்?"

"இடது பக்கம்."

"எப்ப இருந்துங்க?"

"ஆறு மாசமாங்க. மாடிப்படி ஏறும்போதுதான் முதல்ல தெரிஞ்சது."

பாஷா என்னைப் பார்த்தார், காரைப் பார்த்தார், மறுபடி என்னைப் பார்த்தார். "காரு மாடிப்படி ஏறுச்சுங்களா?" என்றார்.

பக்கத்தில் கிரேட் தூக்கிக்கொண்டிருந்த இருவர் சிரித்தார்கள். எனக்கு அப்போதுதான் புரிந்தது. கார் ஒரு பக்கம் இழுக்கிறதா என்றுதான் அவர் கேட்டிருக்கிறார். எங்கள் பக்கத்தில் காருக்கும் அதே சொல், காலுக்கும் அதே சொல். கதவைப் பிடித்து எழுந்து நின்ற அமலன்தான் சொன்னான்.

"அவரு காரைச் சொல்லலைங்க. என் காலைச் சொல்றாரு."

சிரித்தவர்கள் நிறுத்தினார்கள். நாகராஜ் முதலில் அவன் காலைப் பார்த்தார். பிறகு முகத்தைப் பார்த்தார். அமலன் சொல்லியிருந்த அதே வரிசை.

அதன் பிறகு நாகராஜ் நல்லவராகிவிட்டார். முன்பும் நல்லவர்தான், இப்போது குரல் இறங்கிவிட்டது. உட்காருங்கண்ணா என்று நாற்காலி இழுத்துப் போட்டார். கிளட்ச் இல்லாத வண்டி தனக்குத் தெரிந்தவரிடம் ஒன்று இருக்கிறது, சொல்லட்டுமா என்றார். எலும்பு முறிவுக்குப் பெயர்போன ஒரு வைத்தியரின் ஊரைச் சொன்னார். கிளம்பும்போது ஒரு பை தக்காளி கொடுத்தார். வேண்டாம் என்று அமலன் சொல்லச் சொல்ல, என் கையில் திணித்தார். விலைப் பேச்சு எழவே இல்லை.

10.05. தருமபுரி பேருந்தில் இருக்கை கிடைத்தது. பை என் மடியில் இருந்தது. முன் இருக்கையில் ஒருவர் சாப்பாட்டுத் தூக்கோடு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குப் போய்க்கொண்டிருந்தார். அவருக்குத் தெரிந்தவர் வழியில் ஏறி, மாமனார் எப்படி இருக்கிறார் என்று விசாரித்தார். "இழுத்துக்கிட்டுக் கிடக்காருங்க. இன்னைக்கோ நாளைக்கோ" என்றார் தூக்கு வைத்திருந்தவர்.

மறுபடி அதே சொல். அமலன் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டான். அவனிடம் மன்னிப்புக் கேட்க எனக்கு வழி தெரியவில்லை. அப்பன் மகனிடம் எப்படிக் கேட்பது? ஏழெட்டு கிலோமீட்டர் போனபின் அவனே திரும்பினான்.

"எத்தனைப்பா?"

"என்னது?"

"தக்காளி. எண்ணியிருப்பீங்களே."

"நாற்பத்தொன்று" என்றேன். "இரண்டு நசுங்கிடுச்சு."

"அந்த ரெண்டை நாகராஜ் கணக்குல எழுதுங்க" என்றான். அவ்வளவுதான். கோபமாகச் சொன்னானா என்று இன்றுவரை எனக்குத் தெளிவில்லை.

பகல் 12.30. தருமபுரியில் சாப்பிட்டோம். இரண்டாவது கார் ஒரு கல் குவாரி முதலாளி அம்மாளுடையது. கணவர் ஆசையாக வாங்கியது, அவர் போன பிறகு மூன்று வருடமாக நிழலில் நிற்கிறது. அம்மாள் மாடியிலிருந்து இறங்கவில்லை. டிரைவர் மாதையனை அனுப்பினார். ஐம்பது வயது, வெள்ளைச் சட்டை. வாரத்துக்கு ஒரு நாள் வெளியே எடுத்து ஓட்டுவதும், துடைப்பதும் அவர் பொறுப்பு. சாம்பல் நிறக் கார். டயர் நான்கிலும் அவை தயாரான வாரமும் ஆண்டும் அச்சாகியிருந்தன. குனிந்து நான்கையும் படித்தேன், ஒரே வயதுதான். மாதையன் என் பின்னாலேயே வந்து, "மாட்டுக்குப் பாக்குற மாதிரி பல்லை மட்டும்தாங்க எண்ணலை நீங்க" என்றார்.

வத்தல்மலை ஏறிப் பார்க்கலாம் என்று மாதையனே சொன்னார். சமதரையில் இந்த வண்டியின் அருமை தெரியாதாம். அடிவாரம் போய்ச் சேர்வதற்குள் மழை பிடித்துக்கொண்டது. அமலன் ஓட்டினான். நான் பின்னால் உட்கார்ந்தேன். அங்கிருந்து அவன் இரண்டு கால்களும் எனக்குத் தெரிந்தன.

பிற்பகல் 2.10. முதல் கொண்டை ஊசி வளைவு. மேலேயிருந்து செம்மண் தண்ணீர் சாலையின் குறுக்கே ஓடியது. அதில் இலையும் சரளையும். நான் முன் இருக்கையின் முதுகைப் பிடித்துக்கொண்டேன். கார் அந்தத் தண்ணீரைக் கவனித்ததாகவே தெரியவில்லை. வளைவுக்குள் இறங்கி, நான்கு காலையும் ஊன்றியது போல் ஏறி வெளியே வந்தது. "ஆடு மலையேறுற மாதிரிங்க. ஒண்ணு வழுக்குனாலும் மூணு புடிச்சிக்கும்" என்றார் மாதையன்.

ஏறும்போது வளைவுகளை எண்ணினேன், இருபத்திரண்டு. இறங்கும்போது இருபத்து நான்கு வந்தது. எது சரி என்று பலகை பார்த்திருக்கலாம், கண்ணாடியில் மழை. சாதாரண நாளில் இந்த இரண்டு வளைவு வித்தியாசம் என்னைத் தூங்கவிடாது. அன்று நான் வேறொன்றைப் பார்த்துக்கொண்டிருந்தேன். மலை முழுக்க அவன் வலது கால்தான் எல்லாவற்றையும் செய்தது. இடது கால், ஓரமாகக் கால் வைக்க இருந்த மேடையில் சாய்ந்து கிடந்தது. டிக்கெட் எடுத்து ஏறிய ஆள் போல.

2.50. மேலே ஒரு தகரக் கொட்டகையில் டீக்கடை. டீ பதினைந்து, பாலக்கோட்டைவிட மூன்று ரூபாய் கூடுதல். மலைக்கு ஏற்றிவருகிற கூலி என்று கடைக்கார அம்மா நான் கேட்காமலே சொன்னார். மாதையன் முதலாளி அம்மாளுக்குத் தொலைபேச ஓரமாகப் போனார். பஞ்சு போல மேகம் கொட்டகைக்குள் வந்து போனது. ஊரைவிடக் குளிர். அமலன் கையில் டம்ளர் நடுங்கியது. குளிரில்தான் என்று என்னிடம் நானே சொல்லிக்கொண்டேன்.

நான் குறிப்பேட்டைப் பிரித்தேன். ஈரத்தில் பிடி, ஏற்றம், பாதுகாப்பு, காலுக்குச் சுகம் என்று நான்கு பத்தியிலும் இந்த வண்டிக்கே கூடுதல். ஸ்டெல்லாவுக்குக் கொடுத்த தலையாட்டலும் நினைவில் இருந்தது. இதையே முடித்துவிடலாம் என்றேன்.

"குறை ஒண்ணும் இல்லப்பா. நல்ல வண்டி" என்றான்.

"அப்புறம்?"

"என் இடது கால் இதுல என்ன பண்ணுச்சுன்னு பாத்தீங்களா?"

"சும்மா இருந்துச்சு."

"அதான். அது சும்மா இருந்தாலும் இந்த வண்டி ஓடும். அது நின்னு போனாகூட இந்த வண்டி எங்கிட்ட சொல்லாது." டம்ளரைக் கீழே வைத்தான். "அந்தச் சிவப்பு வண்டியில காலையில முதல் கியர் போடறப்பவே தெரிஞ்சிடும். இன்னைக்கு எவ்வளவு இருக்குன்னு."

"தெரிஞ்சு என்ன பண்ணுவே?"

"என்னைக்கு மிதிக்க முடியலையோ அன்னைக்கு நிறுத்திடுவேன். நானா நிறுத்தணும். யாரும் வந்து எங்கிட்டருந்து சாவியைப் புடுங்கக் கூடாது. நீங்களும்தான், ஸ்டெல்லாவும்தான்."

மழை தகரத்தில் அடித்தது. பக்கத்தில் மிளகுக் கொடி ஏறிய மரங்கள் நின்றன. அவற்றை எண்ணத் தொடங்கி ஆறில் விட்டுவிட்டேன். மருத்துவர் சொல்ல மறுத்த கணக்கைத்தான் இவன் ஒரு மிதிகட்டையிடம் கேட்கிறான் என்று புரிந்தது. அதற்கு எதிராகச் சொல்ல என் நான்கு பத்தியில் ஒன்றும் இல்லை. அந்தக் காலிப் பத்தியில் அவன் பார்க்க ஒரு கோடு போட்டேன், பாலக்கோட்டு வண்டிக்கு.

"மண்டியில நான் அப்படிச் சொன்னது..." என்று தொடங்கினேன்.

"விடுங்கப்பா. பாஷா கேட்டது சரியான கேள்வி. நீங்க சொன்னதும் சரியான பதில்" என்றான். "வண்டிதான் மாறிப் போச்சு."

மாதையனிடம் வேண்டாம் என்று சொன்னபோது அவர் வருந்தியதாகத் தெரியவில்லை. வண்டி போய்விட்டால் ஞாயிறுதோறும் எதைத் துடைப்பது என்று யோசித்திருந்தாராம்.

அன்று மாலை ஸ்டெல்லாவிடம் அமலனே சொன்னான். அவள் அடுப்பில் நாகராஜின் தக்காளியை வதக்கிக்கொண்டிருந்தாள். முதுகு மட்டும் தெரிந்தது. கரண்டியின் ஓசை நின்று, கொஞ்ச நேரம் கழித்து மறுபடி கேட்டது. திரும்பாமலே, "தனியா எடுத்துட்டுப் போகக் கூடாது. மாமா பக்கத்துல உக்காரணும்" என்றாள். எனக்கு உத்தரவு அப்படித்தான் வந்தது.

சனிக்கிழமை, பகல் 11.15. மீண்டும் பாலக்கோடு மண்டி. நாகராஜ் இந்த முறை காலைப் பார்க்காமல் இருக்கப் பிரயாசைப்பட்டார். அந்தப் பிரயாசையும் தெரிந்தது. தாள்கள் கைமாறின. தக்காளிப் பையை எடுக்கப் போனவரை, "வேணாங்க, சாவி மட்டும் குடுங்க" என்று அமலன் சிரித்துக்கொண்டே நிறுத்தினான். அவரும் சிரித்துச் சாவியைக் கொடுத்தார்.

பாஷா டயர்களைக் கையால் தட்டிக்கொண்டு நின்றார். என்னைப் பார்த்ததும் அருகில் வந்தார்.

"இடது பக்கம் இழுக்குதுன்னு சொன்னீங்களே, பாத்துட்டேங்க. முன் டயர்ல காத்து கம்மியா இருந்துச்சு. புடிச்சு வச்சுட்டேன்" என்றார்.

உண்மையாகவே காற்று குறைந்திருந்ததா என்று நான் கேட்கவில்லை. அவர் கையைப் பிடித்துக்கொண்டேன். கிரீஸ் ஒட்டியது. வீடு வரை அதைத் துடைக்கவில்லை.

11.40. கிளம்பினோம். முதல் முயற்சியிலேயே வண்டி எழுந்தது. தக்காளிச் சேற்றில் இந்த முறை சக்கரம் சுழலவில்லை. பாதத்தை எவ்வளவு தளர்த்த வேண்டும் என்று அவனுக்குத் தெரிந்துவிட்டது. நான் குறிப்பேட்டை மடியில் வைத்து, பழைய வேலையைத் தொடங்கினேன். அவன் கிளட்சை மிதிக்கும் ஒவ்வொரு முறைக்கும் ஒரு கோடு. வேகத்தடை வந்தால் இரண்டு, எருமை குறுக்கே வந்தால் மூன்று, ஒரு திருமண ஊர்வலத்துக்குப் பின்னால் பதினேழு. புலிக்கரையில் எழுபதைத் தாண்டினோம். சாலை காலியான இடங்களில் அவன் வண்டியை விட்டான்; முன் சக்கரங்கள் இழுத்தன, அவன் பிடித்தான். அங்கெல்லாம் என் தாளில் கோடு விழவில்லை.

தருமபுரி நான்கு ரோட்டில் நெரிசல். சிவப்பு விளக்கில் நின்று கிளம்பும்போது அவன் பாதம் கட்டையில் பட்டு நழுவியது. மறுபடி தூக்கி வைத்து மிதித்தான். நான் அதை ஒரே கோடாகப் போட்டேன். அடுத்த விளக்கிலும் அப்படியே ஆனது. பின்னால் ஒரு லாரி ஹாரன் அடித்தது. அதற்கும் ஒன்றே போட்டேன். முப்பத்தாறு வருடம் கோடு போட்டவன், தெரிந்தே குறைத்து எழுதியது இந்த இரண்டு இடத்தில்தான்.

பகல் 12.50. அதியமான்கோட்டை, எங்கள் வீட்டு வாசல். எஞ்சினை நிறுத்தினான். தகடு சூட்டில் டிக் டிக்கென்று ஓசை வந்துகொண்டிருந்தது. ஸ்டெல்லா கதவைத் திறந்துகொண்டு வந்து படியிலேயே நின்றாள்.

"எத்தனைப்பா?" என்றான்.

முப்பத்து மூன்று கட்டு, தனியாக மூன்று கோடு. "நூற்று அறுபத்தெட்டு" என்றேன்.

அவன் என்னைப் பார்க்கவில்லை. இரண்டு கையும் ஸ்டியரிங்கில் இருந்தன.

"நூத்தி எழுபதுப்பா. நானும்தான் எண்ணிக்கிட்டு வந்தேன்."

என் மடியிலிருந்த குறிப்பேட்டையும் பேனாவையும் எடுத்துக்கொண்டான். மூன்று கோடுகளுக்குப் பக்கத்தில் நேராக ஒன்று போட்டான். பிறகு நான்கின் மேலும் குறுக்கே ஒன்று இழுத்தான்.